பாட்டு கேட்டுக்கொண்டே படித்தால் மனதில் நிற்குமா? உளவியல் பரிசோதனை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதுச்சேரியிலும் கடலூரிலும் உளவியல் படிக்கும் பிள்ளைகளுக்குச் செய்முறைத் தாளில் உதவி வருகிறேன். ஒவ்வொரு வருடமும் புது முகங்கள் வருகின்றன. கேள்விகள் பெரும்பாலும் அதேதான். பிள்ளைகள் கேட்பவை, பரிசோதனையில் உட்கார வந்தவர்கள் கேட்பவை, அவர்களுடைய பெற்றோர் கேட்பவை எல்லாவற்றையும் இங்கே சேர்த்திருக்கிறேன்.

பல பதில்களுக்கு ஒரே உதாரணத்தை எடுத்துக்கொள்கிறேன். கடலூர் முதுநகரிலிருந்து வரும் ஒரு மாணவி, "சார், நான் பாட்டு போட்டுக்கிட்டுதான் படிப்பேன். அம்மா திட்டுறாங்க. யார் சொல்றது சரி?" என்று கேட்டாள். சரி, அதையே பரிசோதனையாகச் செய்து பார்ப்போம் என்று உட்கார்ந்தோம். கீழே வருவதில் பாதி அந்தச் சில வாரங்களில் நாங்கள் பேசிக்கொண்டதுதான்.

உளவியல் பரிசோதனை என்றால் ஆளை உட்காரவைத்துக் கேள்வி கேட்பதுதானே?

அது பேட்டி, அல்லது வினாப்பட்டியல் வைத்து எடுக்கும் கணக்கெடுப்பு. அதற்கும் மதிப்பு உண்டு. ஆனால் பரிசோதனை என்றால் நாம் ஒன்றை வேண்டுமென்றே மாற்ற வேண்டும், மற்றவற்றை முடிந்தவரை அப்படியே வைத்திருக்க வேண்டும், அதனால் வேறு ஏதாவது மாறுகிறதா என்று அளக்க வேண்டும். மாற்றும் பிடி நம் கையில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பரிசோதனை.

தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சில் காலையில் நடக்க வருகிறவர்களிடம் தூக்கம் எப்படி என்று கேட்டுப் பார்த்தீர்கள், நடக்காதவர்களைவிட நன்றாகத் தூங்குவதாகச் சொன்னார்கள் என்று வைத்துக்கொள்வோம். நடந்ததால் தூக்கம் வந்ததா? நன்றாகத் தூங்கியவர்தான் விடிகாலையில் எழுந்து நடக்க வருகிறாரா? நெய்வேலியில் ஷிப்ட் வேலை பார்க்கிறவருக்கு நடக்கவும் நேரமில்லை, தூங்கவும் நேரமில்லை. அப்படியென்றால் இரண்டுக்கும் வேலைதான் காரணமா? கணக்கெடுப்பு இதைப் பிரித்துச் சொல்லாது. நடக்காதவர்களில் பாதிப் பேரைச் சீட்டுப் போட்டு எடுத்து, ஒரு மாதம் நடக்கச் சொல்லி, மீதிப் பேரை வழக்கம்போல இருக்கச் சொன்னால்தான் காரணம் பற்றிப் பேச ஆரம்பிக்கலாம்.

இந்த வேலைக்கென்று ஓர் ஆய்வுக்கூடத்தை வில்ஹெல்ம் வுண்ட் 1879-இல் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் தொடங்கினார். நம் நாட்டில் கல்கத்தா பல்கலைக்கழகத்தில் 1916-இல் உளவியல் துறை வந்தது, நரேந்திரநாத் சென்குப்தா தலைமையில். 1924-இல் மைசூரில் எம். வி. கோபாலசுவாமி தொடங்கிய துறை தென்னிந்தியாவுக்கு வழி திறந்தது. இன்று நம் பிள்ளைகளுக்குக் காலாப்பட்டில் புதுவைப் பல்கலைக்கழகத்திலேயே பயன்பாட்டு உளவியல் துறை இருக்கிறது.

எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது. அதைப் பரிசோதனையாக எப்படி மாற்றுவது?

கேள்வியில் உள்ள ஒவ்வொரு சொல்லையும் பிடித்து, "இதை எப்படிச் செய்வாய், எப்படி எண்ணுவாய்" என்று கேளுங்கள். எங்கள் மாணவியின் கேள்வியில் பாட்டு, படிப்பு, மனதில் நிற்பது என்று மூன்று சொற்கள். மூன்றுமே ஆளுக்கொரு பொருளில் புரிந்துகொள்ளக்கூடியவை.

பாட்டு என்றால் எது? வரிகளோடு வருவதா, வெறும் வாத்தியமா? சத்தம் எவ்வளவு? தெரிந்த பாட்டா, கேட்டறியாததா? யோசித்து மூன்று நிலைகளை வைத்தோம்: அமைதி, வீணையில் வாசித்த மெட்டு, அதே மெட்டு தமிழ் வரிகளோடு. மெட்டு ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். வாத்தியத்துக்குச் சோகமான மெட்டையும் பாட்டுக்குக் குத்துப் பாட்டையும் வைத்துவிட்டால், பிறகு வேறுபாடு வந்தது வரிகளாலா, வேகத்தாலா என்று சொல்ல வழியில்லை. ஒரே ஹெட்போன், ஒரே சத்த அளவு. அமைதி நிலையிலும் ஹெட்போனைக் காதில் மாட்டியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் அதுவே இன்னொரு வேறுபாடாகிவிடும்.

படிப்புக்கு 15 சொற்கள், திரையில் ஒவ்வொன்றும் 2 நொடி. முடிந்ததும் அரை நிமிடம் 300-இலிருந்து மூன்று மூன்றாகக் குறைத்து எண்ணச் சொன்னோம். இதைச் செய்யாவிட்டால் கடைசியில் பார்த்த நான்கைந்து சொற்கள் நாக்கு நுனியிலேயே இருக்கும். அதை நினைவு என்று எண்ணி ஏமாந்துபோவோம். பிறகு 2 நிமிடம், நினைவில் உள்ளதை எந்த வரிசையிலும் எழுதலாம். சரியாக எழுதிய சொற்களின் எண்ணிக்கைதான் அளவு. ல, ள, ழ மாறி எழுதினாலும் சொல் புரிந்தால் சரி என்று முதலிலேயே எழுதி வைத்துக்கொண்டோம். திருத்தும்போது இதை முடிவு செய்தால் கை ஒரு பக்கம் சாயும்.

நாம் மாற்றுவதைச் சாரா மாறி என்றும், அளப்பதைச் சார்ந்த மாறி என்றும் புத்தகம் சொல்லும். வகுப்பில் இண்டிபெண்டன்ட், டிபெண்டன்ட் என்றே சொல்கிறோம். "தமிழ் வரிகளோடு பாட்டு ஓடும்போது நினைவுக்கு வரும் சொற்கள் குறையும்" என்பது கருதுகோள். பொய்யாகிப்போக வாய்ப்புள்ள வாக்கியமாக அது இருக்க வேண்டும். "பாட்டு மனதைப் பாதிக்கும்" என்று எழுதினால் எந்த முடிவு வந்தாலும் அது பொருந்திவிடும்; அதனால் பயனில்லை.

சொற்பட்டியலை நானே எழுதிக்கொள்ளலாமா?

எழுதலாம், ஆனால் இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். ஒரு குழு தயாரித்த பட்டியலில் வஞ்சிரம், சங்கரா, நெத்திலி, வலை, கட்டுமரம் இருந்தன. தேவனாம்பட்டினத்துப் பையனுக்கு அது வீட்டுப் பேச்சு. ஐந்தையும் ஒரே கொத்தாகப் பிடித்துக்கொள்வான். பண்ருட்டியிலிருந்து வரும் பெண்ணுக்குப் பலாச்சுளையும் முந்திரிக்கொட்டையும் என்றால் அப்படிப் பிடித்துக்கொள்வாள். ஆக, எல்லாருக்கும் ஓரளவு ஒரே தூரத்தில் உள்ள சொற்கள் வேண்டும்: நாற்காலி, மேகம், சாவி, கயிறு மாதிரி. ஒன்றோடொன்று தொடர்பு இருக்கக் கூடாது. நீளமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கட்டும்.

மனதைக் குத்தும் சொற்களையும் தவிருங்கள். 2004 சுனாமியில் உறவுகளை இழந்த குடும்பங்கள் நம் கடற்கரை ஊர்களில் இருக்கின்றன. நினைவுச் சோதனைக்கு வந்த ஒருவருக்கு முன்னால் அந்தச் சொல்லைத் திரையில் காட்டுவதற்கு நமக்கு எந்த உரிமையும் இல்லை.

ஜெர்மனியின் எபிங்ஹாஸ் 1885-இல் வெளியிட்ட நினைவாற்றல் ஆய்வுக்கு, பொருளே இல்லாத அசைகளை உருவாக்கித் தன்னையே சோதித்துக்கொண்டார். பழக்கமான சொல், பழகாத சொல் என்ற தொல்லையை அவர் தாண்டிய வழி அது.

முன்னோட்டம் பார்ப்பது அவசியமா? நேரமே இல்லையே.

அவசியம். ஐந்தாறு பேரிடம் செய்து பாருங்கள், அது போதும். எல்லாரும் 15-க்கு 14 எழுதினால் பட்டியல் மிகச் சுலபம். பாட்டு கெடுத்தாலும் தெரியாது. எல்லாரும் 3 எழுதினால் மிகக் கடினம். இந்த முன்னோட்டத்தில் வந்தவர்களை மெயின் பரிசோதனையில் சேர்க்கக் கூடாது.

யாரை எந்தக் குழுவில் போடுவது?

குலுக்கல். வேறு எதுவும் வேண்டாம்.

"முதலில் வரும் 20 பேர் அமைதி, அடுத்த 20 பேர் பாட்டு" என்று பிரிப்பவர்கள் உண்டு. காலை 9 மணிக்கே வந்து நிற்பவரும், ஆள் அனுப்பிக் கூப்பிட்ட பிறகு வருபவரும் ஒரே மாதிரி ஆட்களா? கடலூரிலிருந்து பஸ் பிடித்து வருகிறவர் களைத்து வருவார்; ஹாஸ்டலில் இருந்து வருகிறவர் பல் துலக்கியதும் வந்துவிடுவார். முன்பெஞ்சு, பின்பெஞ்சு என்று பிரித்தால் இன்னும் மோசம். நமக்குத் தெரிந்த வேறுபாடுகளைச் சமப்படுத்திவிடலாம், தெரியாதவை எத்தனையோ. குலுக்கல் அந்தத் தெரியாதவற்றையும் இரண்டு பக்கமும் சிதறவிடுகிறது. ஆள் எண்ணிக்கை கூடக் கூட இந்தச் சிதறல் சமமாகும்.

சீட்டு எழுதி மடித்துப் போட்டு எடுப்பது நல்ல முறைதான். கணினியில் எண் எடுத்தாலும் சரி. கண்ணை மூடிக்கொண்டு "இவர் அங்கே, அவர் இங்கே" என்று சொல்வது மட்டும் குலுக்கல் ஆகாது. மனித மனதுக்குச் சமவாய்ப்பாக எடுக்க வராது.

சமவாய்ப்பில் ஆட்களைத் தேர்ந்தெடுப்பதும், வந்த ஆட்களைச் சமவாய்ப்பில் பிரிப்பதும் இரண்டு வேறு விஷயங்கள். வைவா என்கிற வாய்மொழித் தேர்வில் பாதிப் பேர் தடுமாறுவது இங்கேதான். முதலாவது, "இந்த முடிவு யாருக்கெல்லாம் பொருந்தும்" என்பதற்கு. இரண்டாவது, "காரணம் பாட்டுதானா" என்பதற்கு.

ஒரே ஆளை எல்லா நிலையிலும் உட்கார வைத்தால் என்ன?

வைக்கலாம், பல சமயம் அதுவே நல்லது. ஒருவருடைய நினைவாற்றலை அவருடனேயே ஒப்பிடுவதால் ஆளுக்கு ஆள் உள்ள வித்தியாசம் குறுக்கே வராது. ஆனால் வரிசை என்ற தொல்லை வரும். முதல் பட்டியலில் பழகிக்கொள்வார், மூன்றாவதில் அலுத்துவிடுவார். எல்லாரும் அமைதியில் தொடங்கிப் பாட்டில் முடித்தால், குறைந்தது பாட்டாலா, அலுப்பாலா?

அதனால் வரிசையைச் சுழற்றுவோம். மூன்று நிலைகளுக்கு ஆறு வரிசைகள் உண்டு. ஆறு வரிசைக்கும் சம எண்ணிக்கையில் ஆட்கள் வேண்டுமென்றால் மொத்தம் ஆறின் மடங்காக இருக்க வேண்டும்: 24, 30, 36. சொற்பட்டியல்களும் மூன்று தேவை. எந்தப் பட்டியல் எந்த நிலையோடு சேரும் என்பதையும் சுழற்ற வேண்டும். எங்கள் மாணவி இதற்கு ஒரு பெரிய சார்ட் போட்டுச் சுவரில் ஒட்டினாள். அந்தச் சார்ட் போடும்போதுதான் பரிசோதனை வடிவமைப்பு என்றால் என்னவென்று அவளுக்குப் புரிந்தது என்று நினைக்கிறேன்.

ஒரு தடவை செய்தால் திரும்பச் செய்ய முடியாதவை சில உண்டு. விடுகதையின் விடை தெரிந்த பிறகு மறுபடி அதே விடுகதையைப் போட முடியாது. அங்கே தனித்தனிக் குழுதான்.

எத்தனை பேர் வேண்டும்? சார் 30 என்று சொல்லிவிட்டார்.

30 என்பதில் மந்திரம் ஒன்றும் இல்லை. நீங்கள் தேடும் வேறுபாடு எவ்வளவு பெரியது என்பதைப் பொறுத்தது. இரண்டு தனிக் குழுக்கள், நடுத்தர அளவு வேறுபாடு, அதாவது சராசரிகளுக்கு இடையே அரைத் திட்ட விலக்கம் இருக்கிறது என்று கொள்வோம். (எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறிக் கிடக்கின்றன என்பதன் அளவுதான் திட்ட விலக்கம்.) அதை 80 சதவீத வாய்ப்போடு கண்டுபிடிக்க, வழக்கமான 0.05 அளவுகோலில் (இதைப் பின்னால் விளக்குகிறேன்) குழுவுக்கு 64 பேர் தேவை. வேறுபாடு சின்னது, ஐந்தில் ஒரு பங்குத் திட்ட விலக்கம்தான் என்றால் குழுவுக்குக் கிட்டத்தட்ட 400 பேர். பெரியது, 0.8 என்றால் 26 பேர் போதும்.

ஒரே ஆட்களை இரண்டு நிலையிலும் சோதித்து, ஆளுக்குள் வரும் வேறுபாடு அதே அரைத் திட்ட விலக்கம் என்றால் 34 பேரில் முடியும். மாணவர் பரிசோதனைக்கு நான் இந்த வழியைச் சொல்வதற்குக் காரணம் இதுதான். சின்ன ஊரில், ஒரு பருவத்துக்குள் 128 பேரைப் பிடிப்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும்.

பரிசோதனை செய்கிறவரே முடிவைக் கெடுத்துவிட முடியுமா?

முடியும். நல்ல எண்ணத்தோடு இருக்கும்போதே கெடுத்துவிடுவோம், அதுதான் கவலை.

நூறு வருடத்துக்கு முன்னால் பெர்லினில் ஹான்ஸ் என்று ஒரு குதிரை இருந்தது. கணக்குக் கேட்டால் குளம்பைத் தட்டிப் பதில் சொல்லும். வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடியது. அதன் சொந்தக்காரர் காசு வாங்கவில்லை, ஏமாற்றும் எண்ணமும் அவருக்கு இல்லை. ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் என்ற ஆய்வாளர் பொறுமையாகச் சோதித்து 1907-இல் அறிக்கை எழுதினார். கேட்பவருக்கே விடை தெரியாதபோது குதிரைக்கும் விடை தெரியவில்லை. சரியான எண்ணிக்கை வந்ததும் கேட்பவரின் தலை மிக லேசாக நிமிரும்; அதைப் பார்த்துக் குதிரை தட்டுவதை நிறுத்தியிருக்கிறது. தாங்கள் தலையை அசைப்பது கேட்டவர்களுக்கே தெரியாது.

1963-இல் ரோசன்தால், ஃபோட் இருவரும் மாணவர்களிடம் எலிகளைக் கொடுத்தார்கள். சிலருக்கு "இவை புத்திசாலி எலிகள்" என்றார்கள், மற்றவர்களுக்கு "மந்தமானவை". உண்மையில் எல்லாம் சாதாரண எலிகள், குலுக்கலில் பிரித்தவை. புத்திசாலி என்று சொல்லிக் கொடுத்த எலிகள் வழியை வேகமாகக் கற்றதாக மாணவர்கள் பதிவு செய்தார்கள்.

எனக்கும் இது நடந்திருக்கிறது. மாணவப் பருவத்தில் ஒரு நினைவுச் சோதனை நடத்தினேன். பங்கேற்றவர் சரியான விடைக்குப் பக்கத்தில் வரும்போதெல்லாம் நான் பேனாவைத் தூக்கிக்கொண்டிருந்தேன் என்று பக்கத்தில் இருந்த தோழி சொன்னாள். அந்த வாரத்துத் தரவு முழுவதையும் ஒதுக்கி வைத்துவிட்டு மறுபடி தொடங்கினேன்.

அதிலிருந்து என் பிள்ளைகளிடம் நான் கறாராகச் சொல்வது: கருதுகோள் தெரிந்தவர் ஒருவர், ஆட்களை உட்காரவைத்து நடத்துபவர் இன்னொருவர். எந்த ஹெட்போனில் என்ன ஓடுகிறது என்று நடத்துபவருக்குத் தெரிய வேண்டாம். அறிவுறுத்தலைத் தாளில் பார்த்து, ஒரே மாதிரி வாசியுங்கள். தெரிந்தவர் வந்தால் இன்னும் இரண்டு வார்த்தை சேர்க்காதீர்கள். விடைத்தாளைத் திருத்துபவருக்கு அது எந்த நிலை என்று தெரியக் கூடாது. நம் ஆசை உள்ளே நுழையும் சந்துகள் இவைதான். நாம் எவ்வளவு நேர்மையானவர் என்பது வேறு கேள்வி. சந்துகளை அடைத்துவிட்டால் அந்தக் கேள்வியே எழாது.

நடுவில் கரண்ட் போய்விட்டது. பக்கத்துக் கல்யாண மண்டபத்தில் மேளம் வேறு. அந்தத் தரவை என்ன செய்வது?

எப்படிப்பட்ட தரவை நீக்குவோம் என்று தொடங்குவதற்கு முன்பே எழுதி, தேதி போட்டு, வழிகாட்டியிடம் கொடுத்துவிடுங்கள். "நடுவில் மின்சாரம் நின்றால் அந்த ஆளின் தரவு சேராது" என்று ஒரு வரி போதும். முடிவைப் பார்த்த பிறகு, கருதுகோளுக்கு ஒத்துவராதவரை மட்டும் "அன்றைக்கு அவருக்குத் தலைவலி" என்று நீக்குவது தவறு. இப்படி முன்கூட்டிப் பதிவு செய்வதை இப்போது உலகம் முழுக்க ஆய்வாளர்கள் செய்கிறார்கள்.

மே மாதப் பிற்பகலில் நடத்தாதீர்கள். ஃபேன் நின்றால் வேர்வையில் எந்தச் சொல்லும் நினைவில் நிற்காது.

ஆண்–பெண், தமிழ்வழி–ஆங்கிலவழி ஒப்பிட்டால் அது பரிசோதனையா?

கண்டிப்பான பொருளில் இல்லை. நீங்கள் யாரையும் குலுக்கல் போட்டுத் தமிழ்வழியில் சேர்க்கவில்லை. அவர்கள் ஏற்கெனவே வேறு வீடு, வேறு பள்ளி, வேறு வருமானத்தோடு வருகிறார்கள். இதைப் பகுதிப் பரிசோதனை என்பார்கள். செய்யலாம், "காரணம் இதுதான்" என்று மட்டும் எழுதிவிடக் கூடாது.

கட்டுப்பாட்டுக் குழு இல்லாமல் முன்–பின் அளப்பதிலும் இதே ஆபத்து. கடலூரில் ஒருவர் 2011 டிசம்பர் நடுவில் மாணவர்களின் பதற்றத்தை அளந்து, மூச்சுப் பயிற்சி கற்றுக்கொடுத்து, ஜனவரியில் மறுபடி அளந்தார் என்று கற்பனை செய்யுங்கள். டிசம்பர் 30 அன்று 'தானே' புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. மரமெல்லாம் சாய்ந்து, ஊரே இருட்டில் கிடந்தது. ஜனவரியில் பதற்றம் கூடியிருந்தால் பயிற்சி கெடுத்தது என்பீர்களா? பயிற்சி பெறாத இன்னொரு குழுவையும் அதே இரண்டு நாட்களில் அளந்திருந்தால் புயல் இரண்டு குழுவையும் ஒரே மாதிரி தாக்கியிருக்கும். பயிற்சியின் பங்கு தனியாகத் தெரியும். கட்டுப்பாட்டுக் குழு ஏன் என்று கேட்பவர்களுக்கு நான் இந்தக் கதையைத்தான் சொல்வது.

என் மகளைப் பரிசோதனைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். மருந்து ஏதாவது கொடுப்பார்களா? மனநிலை சரியில்லை என்று எழுதிவிடுவார்களா?

கவலைப்படாதீர்கள் அம்மா. இந்த மாதிரி பரிசோதனைகளில் மருந்தோ ஊசியோ கிடையாது. திரையில் வரும் சொல்லைப் பார்ப்பது, பட்டனை அழுத்துவது, கண்ணாடியில் பார்த்து நட்சத்திரம் வரைவது, இவைதான். யாருக்கு நோய், யாருக்கு இல்லை என்று பார்க்கும் வேலையும் அல்ல. ஒரு குழுவின் சராசரியைத்தான் பார்க்கிறோம். மகளின் பெயருக்குப் பதில் ஓர் எண்தான் தாளில் இருக்கும்.

நீங்கள் கேட்க வேண்டியவை சில உண்டு. எவ்வளவு நேரம் ஆகும், என்ன செய்யச் சொல்வார்கள், தரவை யார் பார்ப்பார்கள், நடுவில் எழுந்து வந்துவிடலாமா. கடைசிக் கேள்விக்குப் பதில் "வரலாம், காரணமும் சொல்ல வேண்டாம்" என்று இருக்க வேண்டும். மகளுக்கு 18 வயது ஆகவில்லை என்றால் உங்கள் கையெழுத்து தேவை. அதோடு மகளின் சம்மதமும் தேவை. நீங்கள் சரி என்று சொன்னாலும் அவள் வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

வகுப்பு மாணவர்களையே உட்கார வைத்தால் ஒப்புதல் எதற்கு?

அங்கேதான் மிகவும் தேவை. மதிப்பெண் போடுகிறவர் கேட்கும்போது "முடியாது" என்று சொல்வது கஷ்டம். ஒரு கல்லூரியில் பங்கேற்காதவர்களுக்கு வருகைப்பதிவு இல்லை என்று சொன்னதைக் கேட்டு எனக்கு ரொம்ப வருத்தமாக இருந்தது. கட்டாயத்தில் வந்தவர் கடனே என்று பட்டனை அழுத்திவிட்டுப் போவார். தரவும் கெடும், மனிதரும் சங்கடப்படுவார். வேறு ஆசிரியரைக் கொண்டு அழைப்பு விடுங்கள். யார் வந்தார்கள் என்பது பாட ஆசிரியருக்குத் தெரிய வேண்டாம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) 2017-இல் வெளியிட்ட நெறிமுறைகள், ஆசிரியரிடம் படிக்கும் மாணவர் போன்றவர்களுக்குத் தனிக் கவனம் வேண்டும் என்று சொல்கின்றன. ஆய்வு வெளியே போகப்போகிறது என்றால் நிறுவனத்தின் நெறிமுறைக் குழு அனுமதி இல்லாமல் முதல் ஆளைக்கூட உட்கார வைக்கக் கூடாது.

உண்மையான நோக்கத்தைச் சொன்னால் ஆட்கள் மாறி நடந்துகொள்வார்களே. மறைக்கலாமா?

சில சமயம் முழுதும் சொல்ல முடியாது என்பது உண்மை. "பாட்டு கெடுக்கிறதா என்று பார்க்கிறோம்" என்றால், பாட்டுப் பிரியர் பல்லைக் கடித்துக்கொண்டு மனப்பாடம் செய்வார். "பின்னணிச் சத்தமும் நினைவும் பற்றிய ஆய்வு" என்றால் பொய்யும் இல்லை, முழுக் குட்டும் உடையவில்லை. முடிந்ததும் உட்காரவைத்து எல்லாவற்றையும் விளக்க வேண்டும்.

எதுவரை போகக் கூடாது என்பதற்கு அமெரிக்க உளவியலாளர் மில்கிராமின் ஆய்வு இருக்கிறது. 1963-இல் வெளியான முதல் அறிக்கையில் 40 ஆண்கள். பக்கத்து அறையில் இருப்பவர் தப்பாகப் பதில் சொன்னால் மின் அதிர்ச்சி கொடுக்கச் சொன்னார்கள். அதிர்ச்சி உண்மையில் இல்லை, அங்கே இருந்தவர் நடித்தார். சுவிட்சைத் தட்டியவர்களுக்கு அது தெரியாது. 26 பேர் கடைசி 450 வோல்ட் வரை போனார்கள். பலர் நடுங்கினார்கள், வேர்த்தார்கள், உதட்டைக் கடித்தார்கள். கீழ்ப்படிதலைப் பற்றி அது சொன்னது முக்கியம்தான். ஆனால் ஒரு சாதாரண மனிதரை, "என்னால் இதையும் செய்ய முடியும்" என்ற நினைப்போடு வீட்டுக்கு அனுப்ப நமக்கு என்ன அதிகாரம் என்று நான் ஒவ்வொரு வருடமும் வகுப்பில் கேட்கிறேன். என் பதில், அதிகாரம் இல்லை என்பதுதான்.

0.05 என்றால் என்ன? கீழே வந்தால் கருதுகோள் நிரூபணமா?

புள்ளியியலாளர் ரொனால்ட் ஃபிஷர் 1935-இல் வெளியான நூலில் ஒரு தேநீர்ச் சோதனையைச் சொன்னார். கோப்பையில் முதலில் ஊற்றியது பாலா, தேநீரா என்று குடித்தே சொல்வேன் என்றார் ஒரு பெண்மணி. எட்டுக் கோப்பைகள், நான்கில் பால் முதலில், நான்கில் தேநீர் முதலில், கலந்து வைத்தார்கள். நம் வீட்டில் டிகாஷன் முதலா, பால் முதலா என்று காபியில் செய்து பார்க்கலாம். எட்டில் நான்கைத் தேர்ந்தெடுக்க 70 வழிகள். ஒன்றும் தெரியாதவர் குருட்டாம்போக்கில் நான்கையும் சரியாக எடுக்க வாய்ப்பு 70-இல் 1, சுமார் 1.4 சதவீதம். குறைந்தது மூன்று சரியாக வரும் வாய்ப்போ 70-இல் 17, கிட்டத்தட்ட 24 சதவீதம். ஆக, நான்கும் சரி என்றால் நிமிர்ந்து உட்காரலாம். மூன்று சரி என்றால் தற்செயலாகவும் இருக்கலாம்.

அந்த எண் சொல்வது இவ்வளவுதான்: உண்மையில் வேறுபாடே இல்லை என்றால், இப்படியோ இதைவிட அதிகமாகவோ வரும் வாய்ப்பு எவ்வளவு. உங்கள் கருதுகோள் சரியாக இருக்கும் வாய்ப்பு அது அல்ல. வேறுபாடு பெரியது என்றும் அது சொல்லவில்லை. அதனால் "சராசரியாக எத்தனை சொல் குறைந்தது" என்பதையும் எழுதுங்கள். மாணவியின் அம்மாவுக்கு வேண்டியது அதுதான்.

ஒன்றோடொன்று தொடர்பில்லாத 20 ஒப்பீடுகள் செய்து, எதிலும் உண்மையான வேறுபாடு இல்லாவிட்டாலும், ஒன்றாவது 0.05-க்குக் கீழே வரும் வாய்ப்பு 64 சதவீதம். இருபதையும் செய்துவிட்டு வந்த ஒன்றை மட்டும் எழுதுவது, வலை வீசியதை மறைத்து மீனை மட்டும் காட்டுவது போல.

புத்தகத்தில் உள்ள மேலைநாட்டு முடிவுகள் நமக்குப் பொருந்துமா?

சோதித்துப் பார்க்காமல் பொருந்தும் என்றும் சொல்ல வேண்டாம், பொருந்தாது என்றும் சொல்ல வேண்டாம். முக்கிய இதழ்களில் வந்த ஆய்வுகளை எண்ணியபோது, பங்கேற்றவர்களில் 96 சதவீதம் பேர் உலக மக்கள்தொகையில் வெறும் 12 சதவீதம் உள்ள மேலைத் தொழில்வள நாடுகளைச் சேர்ந்தவர்கள் என்று 2010-இல் ஹென்ரிச்சும் சக ஆய்வாளர்களும் எடுத்துக்காட்டினார்கள்.

இதற்கு நம் பக்கத்திலேயே பழைய உதாரணம் இருக்கிறது. ஒவ்வோர் உளவியல் கூடத்திலும் முல்லர்–லையர் பலகை உண்டு: சம நீளமுள்ள இரண்டு கோடுகள், ஒன்றில் அம்புமுனை உள்பக்கம் மடங்கியிருக்கும், மற்றதில் வெளிப்பக்கம் விரிந்திருக்கும், விரிந்தது நீளமாகத் தெரியும். ரிவர்ஸ் என்ற ஆங்கிலேய ஆய்வாளர் நீலகிரியில் தோடர்களிடம் இதைச் சோதித்து 1905-இல் வெளியிட்டார். ஆங்கிலேயர்களைவிடத் தோடர்கள் குறைவாகவே ஏமாந்தார்கள். கண் பார்ப்பதிலேயே வளர்ந்த சூழலுக்குப் பங்கு இருக்கலாம் என்ற பெரிய விவாதத்தில் இந்த ஆய்வுக்கும் பங்கு உண்டு.

புதுச்சேரியில் செய்யத் தோதான ஒன்று ஸ்ட்ரூப் சோதனை, 1935-இல் வந்தது. பச்சை மையில் "சிவப்பு" என்று அச்சடித்து, மையின் நிறத்தைச் சொல்லச் சொன்னால் நாக்குத் தடுமாறும். வாசிப்பு தானாக நடப்பதால் வரும் தடுமாற்றம் அது. இங்கே வீட்டில் தமிழ் பேசி, பள்ளியில் பிரெஞ்சோ ஆங்கிலமோ படித்து, தமிழை எழுத்துக் கூட்டி வாசிப்பவர்கள் இருக்கிறார்கள். தமிழ் அட்டையில் அவர்களுக்குத் தடுமாற்றம் குறைவாக இருக்க வேண்டும். இரண்டு மொழி அட்டைகளையும் வைத்து, வரிசையைச் சுழற்றி யாராவது ஒழுங்காகச் செய்தால் நான் ஆவலாகப் படிப்பேன்.

எதிர்பார்த்த முடிவு வரவில்லை. ரிக்கார்டு நோட்டில் கொஞ்சம் மாற்றி எழுதலாமா? வெளியிலிருந்து வரும் தேர்வாளர், எக்ஸ்டர்னல், மதிப்பெண்ணைக் குறைத்துவிடுவாரே.

வேண்டாம். சீனியர் நோட்டைப் பார்த்து எண்களை எழுதும் பழக்கம் இருக்கிறது. அதை நான் லேசாக எடுத்துக்கொள்வதில்லை. 2015-இல் ஒரு பெரிய கூட்டுமுயற்சி, உளவியல் இதழ்களில் வந்த 100 ஆய்வுகளை மறுபடி செய்து பார்த்தது. மூல ஆய்வுகளில் 97 சதவீதம் குறிப்பிடத்தக்க முடிவு, அதாவது 0.05-க்குக் கீழே, காட்டியிருந்தன. திரும்பச் செய்தபோது 36 சதவீதமே காட்டின. எல்லாரும் ஏமாற்றினார்கள் என்று அதற்குப் பொருள் இல்லை. ஆட்கள் குறைவு, வந்த முடிவை மட்டும் வெளியிடும் வழக்கம், பிறகு யோசித்த கருதுகோளை முதலிலேயே யோசித்தது போல எழுதுவது என்று பல காரணங்கள். அந்தக் காரணங்கள் தொடங்கும் இடம் ரிக்கார்டு நோட்டுதான்.

எங்கள் மாணவியின் பரிசோதனையிலும் எதிர்பார்த்த முடிவு வரவில்லை. 1989-இல் சலாமே, பாட்லி என்ற ஆய்வாளர்கள் இருவரும் எண்களை வரிசையாக நினைவில் வைக்கச் சொன்னபோது, வரிகளோடு உள்ள பாட்டு வாத்திய இசையைவிட அதிகம் கெடுத்தது. அவளும் அதையே எதிர்பார்த்தாள். அவளுடைய 24 பேரிடம் தெளிவான வேறுபாடு வரவில்லை. முகம் வாடிப் போனது. ஆனால் அவள் வடிவமைப்பு சுத்தமாக இருந்தது, அதனால் பேச நிறைய இருந்தது. 24 பேர் போதவில்லையா? எண்களை வரிசையாகச் சொல்வதும், சொற்களை எந்த வரிசையிலும் எழுதுவதும் வேறு வேறு வேலைகளா? எப்போதும் பாட்டோடு படிப்பவர்களையும் அமைதியில் படிப்பவர்களையும் ஒன்றாகக் கலந்துவிட்டோமா? இந்த மூன்றையும் விவாதப் பகுதியில் எழுதினாள், மூன்று சராசரிகளையும் திட்ட விலக்கங்களையும் வந்தபடியே கொடுத்தாள். வைவாவில் எக்ஸ்டர்னல் அரைமணி நேரம் அந்தச் சுவர்ச் சார்ட்டைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தார். வீட்டில் என்ன சொன்னாய் என்று பிறகு கேட்டேன். "இன்னும் தெரியலம்மா, அடுத்த வருஷம் 36 பேரை வெச்சு மறுபடி பண்ணப்போறேன்னு சொன்னேன் சார்" என்றாள்.